நின்ற உயரமும் நில்லாத பற்களும்

மாட்டுச் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? மாடு வாங்க வருபவர் அதன் உயரத்தை அளந்து வயதைக் கணக்கிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று எண்ணி அதன் வயதை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுகிறார். நல்ல தீனி கிடைத்த கன்று உயர்ந்து நிற்கும். தீனியின்றி வாடிய கன்று குள்ளமாக நிற்கும். உயரம் நம்மை ஏமாற்றலாம். பல் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

இந்தச் சந்தை அறிவு மனிதக் குழந்தைக்கும் பொருந்துமா? ஒரு குழந்தையின் உயரம் இடையிலேயே தடைப்பட்டுப் போனால் அதன் பற்களும் தடைப்படுமா? குறைந்துபோன வளர்ச்சி ஹார்மோனை ஊசி மூலம் ஏற்றினால், உயரத்தோடு பற்களும் விரைந்து வளருமா? இக்கேள்விகளுக்கு விடை காண அறிவியல் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் சில குழந்தைகளின் உயிரும் பறிபோயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

ஆலை வாசலில் ஒரு கேள்வி

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. பஞ்சாலைகளும் கம்பளி ஆலைகளும் பெருகிய காலம் அது. சின்னஞ்சிறு குழந்தைகள் அந்த ஆலைகளில் நாள் முழுதும் உழைத்தனர். 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. துணி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது. 9 முதல் 13 வயதுவரை உள்ளவர்களுக்கு வேலை நேரம் குறைக்கப்பட வேண்டும் என்றது அச்சட்டம்.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு குழந்தைக்கு வயது ஒன்பதா, ஏழா என்று எப்படி அறிவது? அரசின் பிறப்புப் பதிவு முறை இங்கிலாந்தில் தொடங்கியதே 1837ஆம் ஆண்டில்தான். வறுமையில் வாடிய பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஆலை முதலாளி அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டார். வயதுச் சான்று அளிக்க வேண்டிய மருத்துவர்களோ பெரும்பாலும் குழந்தையின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்தே முடிவு செய்தனர். தொழிற்சாலை ஆய்வாளரான லெனார்டு ஹார்னர் என்பவரும் உயரத்தையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று கருதினார்.

இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். ஏழு வயதிலேயே நன்கு உயர்ந்த குழந்தை ஆலைக்குள் தள்ளப்படும். பதின்மூன்று வயதாகியும் குள்ளமாக இருக்கும் சிறுவன் என்றென்றும் சின்னப் பையனாகவே கணக்கிடப்படுவான். உயரம் என்ற ஒன்றே நீதிபதி ஆகிவிட்டால் இருவருக்கும் அநீதிதான்.

எட்வின் சாண்டர்ஸ் என்ற இளம் பல் மருத்துவர் 1837இல் ஒரு சிறு நூலை வெளியிட்டு, பாராளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும் அதை முன்வைத்தார். வயதை அறியப் பற்களே ஏற்ற சோதனை என்பது அதன் சாரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாய்களைச் சோதித்து, எத்தனை நிலைப்பற்கள் முளைத்துள்ளன என்று கணக்கெடுத்து, உயரத்தைவிடப் பற்களே வயதைச் சரியாகக் காட்டுகின்றன என்று அவர் வாதிட்டார். மனிதக் குழந்தையின் பற்களைப் பெரிய அளவில் எண்ணி வயதோடு ஒப்பிட்ட தொடக்க கால ஆய்வுகளுள் இஃது ஒன்று. இதே சாண்டர்ஸ் பிற்காலத்தில் விக்டோரியா மகாராணியின் பல் மருத்துவர் ஆனார். 1883இல் சர் பட்டமும் பெற்றார்.

உயரம் வேறு பாதையில் போகிறது, பல் வேறு பாதையில் போகிறது என்பதை சாண்டர்ஸ் கண்டார். ஆனால் ஏன் அப்படி என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. அதற்கு விடை வாயில் இல்லை. மூளையின் அடியில் இருந்தது.

பட்டாணி அளவுச் சுரப்பி

நம் மூளையின் அடிப்பகுதியில், எலும்பாலான ஒரு சிறு குழிக்குள் பிட்யூட்டரி சுரப்பி அமர்ந்திருக்கிறது. அளவில் ஒரு பட்டாணி. எடையில் ஏறக்குறைய அரை கிராம். நாளமில்லாச் சுரப்பிகளுள் இதற்குத் தனி இடம் உண்டு.

1886ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் பியேர் மரி ஒரு விந்தையான நோயை விவரித்தார். வயது வந்தவர்களின் கைகளும் பாதங்களும் தாடையும் மெல்ல மெல்லப் பெருத்துக்கொண்டே போகும் நோய் அது. அவர் அதற்கு அக்ரோமெகலி என்று பெயரிட்டார். பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டியே இதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந்த நோயாளிகளின் வாயில் ஒரு செய்தி ஒளிந்திருந்தது. கீழ்த்தாடை நீள்கிறது, பற்களுக்கிடையே இடைவெளி விழுகிறது. ஆனால் பற்கள் மட்டும் பெருப்பதில்லை! தாடை ஹார்மோனின் ஆணைக்குப் பணிந்தது; முளைத்து முடிந்த பல் பணியவில்லை.

சுரப்பியின் ஆற்றலைச் சோதனையால் மெய்ப்பித்தவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் எவன்ஸும் ஜோசப் லாங்கும் ஆவர். 1921இல் அவர்கள் மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினர். எலிகள் வழக்கத்துக்கு மாறாகப் பெருத்து வளர்ந்தன. சுரப்பியில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் ஒன்று இருக்கிறது என்பது உறுதியாயிற்று.

சுரப்பியை அகற்றிவிட்டால்? எலி வளர்வதை நிறுத்திவிடுகிறது. பற்கள்? இக்கேள்வியை எழுப்பியவர் சிகாகோ நகரில் பணியாற்றிய ஐசக் ஷூர் என்ற பல்லியல் அறிஞர். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துக் கொறித்துத் தேய்வதால்தான் அவை நீண்டுவிடாமல் இருக்கின்றன. எனவே பல் வளர்ச்சியை அளக்க எலியைவிட வசதியான விலங்கு இல்லை. 1932இல் ஷூரும் வான் டைக்கும் வெளியிட்ட ஆய்வின்படி, பிட்யூட்டரி அகற்றப்பட்ட எலிகளில் முன்பற்கள் வெளிவரும் வேகம் படிப்படியாகக் குறைந்தது. பல்லின் அமைப்பிலும் கோளாறுகள் தோன்றின.

அப்படியானால் பல்லும் வளர்ச்சி ஹார்மோனுக்கு அடிமைதானே என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்படக் கூடாது. பிட்யூட்டரி ஒரு ஹார்மோனை மட்டும் சுரப்பதில்லை. தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனும் அங்கிருந்தே வருகிறது. சுரப்பியை அகற்றும்போது பல ஹார்மோன்கள் ஒருசேர மறைந்துவிடுகின்றன. 1954இல் எவன்ஸும் அவருடைய துணைவர்களும் இவற்றைப் பிரித்துப் பார்த்தனர். சுரப்பியற்ற எலிகளுக்குத் தனித்தனியாகவும் சேர்த்தும் ஹார்மோன்களைக் கொடுத்தபோது, பல் வெளிவரும் வேகத்தை மீட்பதில் தைராய்டு ஹார்மோனே முன்னின்றது. ஒரு பூட்டுக்கு ஒரே சாவி என்ற எண்ணம் பற்களிடம் செல்லுபடியாகவில்லை.

மனிதனுக்கு மனிதச் சுரப்பியே வேண்டும்

1944இல் சோ ஹாவ் லீ என்ற சீனத்து அறிஞர் எவன்ஸின் ஆய்வுக்கூடத்தில் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். இனிக் குள்ளமான குழந்தைகளுக்கு விடிவு பிறந்தது என்றே பலரும் எண்ணினர். மாட்டின் இன்சுலின் நீரிழிவு நோயாளிகளைக் காப்பாற்றவில்லையா? ஆனால் மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் மனிதனிடம் வேலை செய்யவில்லை. இந்த ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு புரதம். அந்தக் கோவை இனத்துக்கு இனம் மாறுபடுகிறது. எலியை ஏமாற்றிய மாட்டு ஹார்மோனால் மனித உடலை ஏமாற்ற முடியவில்லை.

1956இல் லீ மனிதச் சுரப்பியிலிருந்தே ஹார்மோனைப் பிரித்தார். அதே காலத்தில் பாஸ்டன் நகரில் மாரிஸ் ராபன் என்ற மருத்துவர் அசெட்டிக் அமிலத்தைக் கொண்டு அதைப் பிரிக்கும் எளிய முறை ஒன்றை உருவாக்கினார். பிட்யூட்டரிக் குறைவால் வளர்ச்சி குன்றிய 17 வயது இளைஞர் ஒருவருக்கு அவர் இந்த ஊசியைப் போட்டு, அந்த இளைஞர் மறுபடி உயரத் தொடங்கியதை 1958இல் அறிவித்தார். உலகெங்கும் பெற்றோர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

ஆனால் மருந்துக்கு எங்கே போவது? மனிதச் சுரப்பி மனிதனிடம்தான் கிடைக்கும். அதுவும் இறந்த மனிதனிடம். பிணப் பரிசோதனையின்போது பட்டாணி அளவுச் சுரப்பிகளைச் சேகரித்து, ஆயிரக்கணக்கில் சேர்த்து அரைத்துத்தான் மருந்தைப் பிரிக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஓராண்டுக்கு ஊசி போடப் பல பத்துச் சுரப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டனில் 1959இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் மேற்பார்வையில் சிகிச்சை தொடங்கியது. அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்தில் தேசிய பிட்யூட்டரி நிறுவனம் இப்பணியை ஏற்றது. கிடைத்தது கொஞ்சம், கேட்டவர்கள் மிகுதி.

இங்கேதான் பழைய ஆலை வாசல் கேள்வி புது வடிவில் திரும்பி வந்தது. வரிசையில் நிற்கும் குழந்தைகளுள் யாருக்கு மருந்து? குள்ளமான குழந்தைகள் எல்லாரும் ஹார்மோன் குறைந்தவர்கள் அல்லர். தாய் தந்தையர் குள்ளமாக இருப்பதால் குள்ளமானவர் உண்டு. மெதுவாக வளர்ந்து, பிந்திப் பருவமெய்திப் பின்னர் எட்டிப் பிடிப்பவர் உண்டு. ஊட்டமின்மையாலோ வேறு நோயாலோ குன்றியவரும் உண்டு. உயரத்தை மட்டும் அளந்தால் இவர்கள் அனைவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். பிரித்தறிய உயரம் அல்லாத வேறு சாட்சிகள் தேவைப்பட்டன.

ஒரு குழந்தைக்கு மூன்று வயது

அந்தச் சாட்சிகளைத் தந்தது இயற்பியல். 1895 நவம்பர் 8ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். செய்தி வெளியான சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற பல் மருத்துவர் தம் சொந்தப் பற்களையே எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார். ஒரு படத்துக்காக அவர் 25 நிமிடம் அசையாமல் இருக்க நேர்ந்தது! இன்று அதே படத்துக்கு நொடியின் ஒரு பகுதியே போதும்.

சாண்டர்ஸால் முளைத்த பல்லை மட்டுமே எண்ண முடிந்தது. எக்ஸ் கதிரோ தாடை எலும்புக்குள் புதைந்து உருவாகிக்கொண்டிருக்கும் பல்லையும் காட்டிற்று. இது பெரிய வேறுபாடு. பல் ஈறைக் கிழித்து வெளிவருவது பல காரணங்களால் முந்தலாம், பிந்தலாம். பால்பல் சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்கப்பட்டாலும், தாடையில் இடம் போதாவிட்டாலும் அது மாறும். ஆனால் தாடைக்குள் பல்லின் முடியும் வேரும் உருவாகும் ஒழுங்கு அவ்வளவாக மாறுவதில்லை.

இதே கதிர் மற்றொரு கடிகாரத்தையும் காட்டியது. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ் கதிரில் பார்த்தால் சிறு எலும்புகள் தெரிவதில்லை. அவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக எலும்பாகி, படத்தில் தோன்றுகின்றன. எந்த எலும்பு எந்த நிலையில் உள்ளது என்று பார்த்து எலும்பு வயதைக் கணிக்கலாம். 1950இல் அமெரிக்காவில் கிரூலிச், பைல் ஆகியோர் இதற்கெனக் கைப்படத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர்.

ஆக, ஒரு குழந்தைக்கு மூன்று வயதுகள் உண்டு. பிறந்த நாளிலிருந்து எண்ணும் நாள்காட்டி வயது ஒன்று. எலும்பு வயது ஒன்று. பல் வயது ஒன்று. பெரும்பாலான குழந்தைகளிடம் மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஹார்மோன் குறைந்த குழந்தைகளிடம் எப்படி?

1965இல் அமெரிக்க அறிஞர்கள் ஸ்டான்லி கார்ன், ஆர்தர் லூயிஸ், ராபர்ட் பிளிஸார்டு மூவரும் இதற்கு விடை கண்டனர். பிளிஸார்டு, பிட்யூட்டரி நிறுவனத்தை உருவாக்குவதில் முன்னின்ற குழந்தை மருத்துவர். கார்ன், வளர்ச்சியை அளப்பதில் தேர்ந்த மானிடவியலார். பல்வேறு ஹார்மோன் கோளாறுகள் உள்ள குழந்தைகளின் எலும்பையும் பல்லையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஹார்மோன் குறைந்தபோது எலும்பு வயது வெகுவாகப் பின்தங்கியது. பல் வயதும் பின்தங்கியது. ஆனால் மிகக் குறைவாகவே. பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்தன.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நாள்காட்டிப்படி 10 வயதான, வளர்ச்சி ஹார்மோன் மிகவும் குறைந்த ஒரு சிறுமி. உயரம் 6 வயதுக் குழந்தையினுடையது. எலும்பு வயதும் 6ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனால் பற்களின் எக்ஸ் கதிர்ப் படமோ எட்டரை அல்லது ஒன்பது என்கிறது. உயரம் நின்றிருக்கிறது, பற்கள் சற்றே தளர்ந்தாலும் நில்லாமல் நடக்கின்றன.

சுழலும் கதிரும் ஏழு பற்களும்

பற்களைக் கொண்டு வயதைக் கணிக்கத் திட்டமான அளவுகோல் வேண்டுமல்லவா? அதற்கு முன்னர் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காண ஒரு வழி வேண்டும். வளைந்த தாடையைத் தட்டையான படத்தில் பதிப்பது எப்படி? பின்லாந்து நாட்டின் இர்யோ பாட்டெரோ இதற்கு அழகிய வழி கண்டார். 1950களில் இம்முறை வளர்ச்சி பெற்றது.

இதன் தத்துவம் எளியது. ஓடும் சைக்கிள்காரரோடு சேர்ந்து காமிராவைத் திருப்பிக்கொண்டே படம் எடுத்தால் என்ன ஆகும்? சைக்கிள்காரர் தெளிவாக விழுவார். பின்னால் உள்ள மரங்களும் வீடுகளும் இழுபட்டு மங்கும். அதேபோல், எக்ஸ் கதிர்க் குழாய் ஒருபுறமும் படச்சுருள் மறுபுறமும் தலையைச் சுற்றி வருகின்றன. குறுகிய பிளவு வழியே வரும் கதிர், பல் வரிசையின் நிழலைப் படச்சுருளின் வேகத்துக்கு இணையாக நகர்த்துகிறது. பற்கள் தெளிவாகப் பதிகின்றன. முதுகெலும்பும் மறுபக்கத் தாடையும் மங்கிவிடுகின்றன. ஒரே சுற்றில் வாய் முழுதும் ஒரு நீண்ட படமாக விரிகிறது.

இத்தகைய படங்களைக் கொண்டு 1973இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த அர்ட்டோ டெமிர்ஜியானும், ஹார்வி கோல்டுஸ்டீன், ஜேம்ஸ் டானர் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்களும் ஒரு முறையை வெளியிட்டனர். கீழ்த்தாடையின் இடப்பக்க ஏழு பற்களை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒவ்வொன்றும் உருவாகும் வரலாற்றை எட்டு நிலைகளாகப் பிரிப்பது. நிலைக்கேற்ப மதிப்பெண் கொடுத்துக் கூட்டுவது. கூட்டுத்தொகையை வயதாக மாற்றுவது. பரீட்சைத் தாள் திருத்துவது போன்ற முறை என்று ஆசிரியனாகிய எனக்குத் தோன்றுகிறது. இன்றும் உலகெங்கும் இது பயன்படுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. இம்முறைக்கு அடிப்படை பிரெஞ்சு வழிக் கனடியக் குழந்தைகள். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இதைப் பொருத்தியபோது, வயதை ஏறத்தாழ 3 ஆண்டு கூட்டிக் காட்டியது. எந்த அளவுகோலும் எந்த மக்களிடம் செய்யப்பட்டதோ அந்த மக்களின் அளவுகோலே.

இந்த மூவரில் ஜேம்ஸ் டானரை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். பிரிட்டனில் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையை முன்னின்று நடத்தியவரும் இவரே. 100 குழந்தைகளுக்கு ஓராண்டு முதல் ஏழாண்டுவரை சிகிச்சை அளித்துக் கண்ட முடிவுகளை 1971இல் இவர் தம் குழுவினருடன் வெளியிட்டார். ஹார்மோன் உண்மையாகவே குறைந்த குழந்தைகள் முதலாண்டில் பாய்ந்து வளர்ந்தனர். வேறு காரணங்களால் குள்ளமானவர்களிடம் பயன் அவ்வளவாக இல்லை. மருந்தைக் கையில் வைத்திருந்த அதே மனிதர் எலும்புக் கடிகாரத்துக்கும் பல் கடிகாரத்துக்கும் அளவுகோல் செய்தார் என்பது தற்செயல் அன்று. 1981இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் அந்தப் பழைய ஆலைக் குழந்தைகளின் அளவுக் கணக்குகளையும் தேடி எடுத்து ஆராய்ந்தார்.

பல் ஏன் பணியவில்லை?

எலும்பு ஹார்மோனுக்குப் பணிகிறது. பல் பெரும்பாலும் பணிவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

நீண்ட எலும்பின் முனைகளுக்கருகே குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. அங்கே செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி எலும்பை நீட்டுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் நேரடியாகவும், கல்லீரலில் அது சுரக்கச் செய்யும் ஐ.ஜி.எஃப்.-1 என்ற துணைப் பொருள் மூலமும் இந்தத் தட்டைத் தூண்டுகிறது. பல்லுக்கு இத்தகைய தட்டு கிடையாது. பல், முடியிலிருந்து வேரை நோக்கி, அடுக்கு அடுக்காகக் கட்டப்படுகிறது. கட்டி முடித்த எனாமல் பின்னர் வளர்வதும் இல்லை, புதுப்பிக்கப்படுவதும் இல்லை.

இரண்டாவது காரணம் காலம். பால்பற்கள் தாயின் வயிற்றிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடுகின்றன. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல், குழந்தை பிறக்கும் காலத்தை ஒட்டியே கெட்டியாகத் தொடங்குகிறது. ஞானப்பல் நீங்கலாக, நிலைப்பற்களின் முடிகள் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் கட்டி முடிக்கப்படுகின்றன. கருவறை வளர்ச்சி இந்த ஹார்மோனை அதிகம் நம்பியிருப்பதில்லை. குழந்தையைக் குள்ளம் என்று கண்டு, சோதித்து, ஊசி தொடங்கும்போது பல்லின் வேலை பாதிக்குமேல் முடிந்திருக்கும்.

இதனால் பல்லுக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வில்லியம் யங், மைக்கேல் வாட்டர்ஸ் முதலியோர் 1990களில் வளரும் பல்லின் செல்களில் வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் ஏற்பிகள் இருப்பதைக் காட்டினர். ஹார்மோன் குறைந்த குழந்தைகளுக்குப் பால்பல் விழுவதும் நிலைப்பல் முளைப்பதும் பிந்துவது உண்டு. பல் ஹார்மோனின் குரலைக் கேட்கிறது. ஆனால் அந்தக் குரலுக்காகக் காத்திருப்பதில்லை.

இருண்ட ஆண்டு

1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தது. குழந்தைப் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட ஓர் இளைஞர், மூளை சீர்குலையும் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோயால் இறந்திருந்தார். முதியவர்களையே பெரும்பாலும் தாக்கும் மிக அரிய நோய் அது. சில வாரங்களில் மேலும் சில இளைஞர்களின் மரணங்கள் தெரியவந்தன. காரணம் விளங்கியது. ஆயிரக்கணக்கான சுரப்பிகளை ஒன்றாக அரைத்தபோது, நோயுற்று இறந்த யாரோ ஒருவரின் சுரப்பியும் அதில் கலந்துவிட்டது. அதிலிருந்த பிரியான் என்ற கெட்டுப்போன புரதம் ஊசி வழியே குழந்தைகளின் உடலில் புகுந்தது. வழக்கமான கிருமி நீக்கு முறைகள் அதை அழிக்கவில்லை.

ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் வினியோகம் நிறுத்தப்பட்டது. பிரிட்டனும் பிற நாடுகளும் தொடர்ந்து நிறுத்தின. அதற்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 7,700 பேரும் பிரிட்டனில் 1,800க்கும் மேற்பட்டோரும் இந்த மருந்தைப் பெற்றிருந்தனர். நோய் உடலில் பல ஆண்டுகள், சிலரிடம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மறைந்திருந்து தாக்கியது. உலகெங்கும் 200க்கும் மேற்பட்டோர் இவ்வாறு மாண்டனர். பிரான்சிலும் பிரிட்டனிலும் இழப்பு மிகுதி.

இப்போது பல் கடிகாரத்தையும் எலும்புக் கடிகாரத்தையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். உண்மையாகவே ஹார்மோன் குறைந்தவர் யார், வெறுமனே குள்ளமானவர் யார் என்று பிரித்தறிவது மருந்தைச் சிக்கனப்படுத்தும் கணக்கு மட்டும் அன்று. தேவையில்லாத ஓர் ஊசியைத் தவிர்ப்பது ஓர் உயிரைக் காப்பதாகவும் இருந்திருக்கிறது. அன்று அதை யாரும் அறிந்திருக்கவில்லை.

பாக்டீரியா தந்த மருந்து

நல்ல வேளையாக மாற்று வழி தயாராக இருந்தது. 1979இல் கலிபோர்னியாவின் ஜெனன்டெக் நிறுவனத்து அறிஞர்கள் மனித வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக் கொண்டே ஹார்மோனை உற்பத்தி செய்திருந்தனர். 1985 அக்டோபரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. பிணத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. பிரியான் அச்சம் இல்லை. அளவுக்கும் பஞ்சம் இல்லை.

பஞ்சம் நீங்கியதும் புதிய கேள்வி பிறந்தது. ஹார்மோன் குறையாத, ஆனால் மிகக் குள்ளமான குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்கலாமா? 2003இல் அமெரிக்க அரசு இதற்கும் அனுமதி அளித்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் ஊசி போட்டால் கிடைக்கும் கூடுதல் உயரம் சராசரியாகச் சில சென்டிமீட்டர்களே. அதற்காக ஆரோக்கியமான குழந்தைக்கு ஆயிரக்கணக்கான ஊசிகள் போடலாமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

பற்கள் என்ன ஆயின? 1990களில் அமெரிக்கா, ஸ்வீடன், பெல்ஜியம் ஆகிய நாடுகளில் இந்த ஊசி போட்டுக்கொண்ட குள்ளமான குழந்தைகளின் பற்களை ஆராய்ந்தனர். ஒரு பெற்றோரின் ஐயம் இயல்பானதுதானே: உடல் வேகமாக வளரும்போது பற்களும் தாறுமாறாக விரைந்து முளைத்துவிடுமோ? பொதுவாகக் காணும்போது அப்படி நடக்கவில்லை. உயரம் பாய்ந்தது, பற்கள் உருவாகும் வேகத்தில் அதற்கு ஈடான பாய்ச்சல் இல்லை. மாற்றம் கண்டது தாடையே. ஹார்மோன் குறைந்த குழந்தைகளின் கீழ்த்தாடை சிறுத்து உட்சென்றிருக்கும். போதிய இடமின்றிப் பற்கள் நெருங்கும். சிகிச்சையின்போது கீழ்த்தாடையின் பின்பகுதி நன்கு வளர்கிறது. முகத்தின் விகிதம் சீர்ப்படுகிறது. ஆகவே இத்தகைய குழந்தைக்குப் பல்வரிசையைச் சீராக்கக் கம்பி கட்ட நினைக்கும் பல் மருத்துவர், குழந்தை ஊசி போட்டுக்கொள்வதை அறிந்திருக்க வேண்டும். தாடை எலும்பின் கடிகாரப்படி நடக்கும். பல் தன் கடிகாரப்படி நடக்கும். இரண்டையும் பார்த்துத்தான் காலம் குறிக்க வேண்டும்.

நாம் அறிய வேண்டியது

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ மிகக் குள்ளமான குழந்தை இருக்கலாம். அஞ்ச வேண்டா, அலட்சியமும் வேண்டா. வளர்ச்சி ஹார்மோன் குறைவு அரியது. ஏறக்குறைய 4,000 முதல் 10,000 குழந்தைகளுள் ஒருவரிடமே காணப்படுகிறது. ஒருநாள் அளந்த உயரத்தைவிட ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்பதே முக்கியம். நான்கு வயது முதல் பருவமெய்தும்வரை குழந்தைகள் பொதுவாக ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவுக்கேனும் வளர்வார்கள். அதனினும் வெகுவாகக் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஏழெட்டு வயதாகியும் முதல் பால்பல்கூட ஆடவில்லை என்றால், உயரக் குறைவோடு சேர்த்து அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் பிந்துவது மட்டும் நோய் அன்று. ஆனால் தைராய்டுக் குறைவு முதலியவற்றை நினைவூட்டும் குறிப்பாக அஃது அமையலாம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தாலும் போதும்; மருத்துவருக்கு அது அரிய ஆவணம்.

1837இல் ஆலை வாசலில் நின்ற குழந்தைக்காக சாண்டர்ஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உயரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், வாயையும் திறந்து பாருங்கள். எக்ஸ் கதிரும் ஹார்மோன் வேதியியலும் மரபணு நுட்பமும் வந்த பின்னும் அந்த வேண்டுகோள் பழையதாகிவிடவில்லை. குழந்தையின் உடலில் ஒரே கடிகாரம் ஓடவில்லை. ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துக் குழந்தையின் வயதையும் தேவையையும் முடிவு செய்பவர் மருத்துவரானாலும் சரி, பெற்றோரானாலும் சரி, மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் விலை பேசுபவர் போன்றவரே.